நாப்பத்தியொரு ஜிபி

உக்காரு அம்மிணி. அதுல வேண்டாம், அந்த பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுக்க. இது சுத்தற சேரு, எனக்குக் குடுத்தது, என்றது. என்றதுன்னா நான் வாங்கினதில்ல, இந்த வாரம் வரைக்கும் என்றது. நாளைக்கு சனிக்கிழமை, யாருதுன்னு சாயந்திரம் தெரிஞ்சுரும். தெரியறதுக்கு என்ன இருக்கு, என்றதுதான். அது ஒரு கதை. சொல்றேன். எப்படியும் உன்ற லேப்டாப்புல அந்தப் பச்சைக் கோடு நகர்றதைப் பாத்துட்டு ரெண்டு பேரும் உக்காந்துதான் இருக்கோணும்.

எவ்வளவு வந்திருக்கு? ஆறு பர்சென்ட்டா? இருவது நிமிசத்துக்கு ஆறா? இப்படியே போனா எப்ப முடியும்? எட்டு மணிக்கு மேலயா! அய்யோ, அஞ்சு மணிக்கு ஆபரேசன் தியேட்டருக்குள்ள கொண்டுபோயிருவாங்கன்னு சொன்னாளே.

இரு, உனக்கு முழுசாச் சொல்லலை. நீ பாவம், எங்க ஆஸ்பத்திரி நெட் லைன் மெதுவாப் போகுதுன்னு நேத்து குடுத்த கம்ப்ளைண்ட்டுக்கு வந்தவ. வந்ததும் வராததுமா உன்ற லேப்டாப்பைத் தொறக்கச் சொல்லி, முதல்ல இந்த ஃபைலை எறக்கிக் குடுன்னுட்டேன். சென்னியப்பன்னு ஒருத்தரு. என்கூட இந்த ரெக்கார்டு ரூம்ல வேலை பாக்கறாளே சம்பூர்ணம், அவ ஊட்டுக்காரரு. முந்தாநாள் வயித்துவலின்னு படுத்தவரை கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. குடல்ல ஓட்டையாம். இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஆபரேசன்.

அதுல என்ன சிக்கல்னா, ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல இதே நம்ம ஆஸ்பத்திரியில அவருக்கு ஒரு ஆபரேசன் நடந்துச்சு. அப்ப ஏதோ ஒரு மயக்க மருந்து ஒத்துக்காம உசுரு போய்த் திரும்பி வந்துச்சு. எந்த மருந்துன்னு இவளுக்கு நெனப்பில்ல. வாயில நுழையாத பேரு. அங்க இருக்கற மயக்க டாக்டரு, அது தெரியாம நான் எப்படிம்மா ஊசி போடறதுங்கறாராம். தள்ளிப்போடவும் முடியாதாம், சீழ் பரவிட்டு இருக்குதாம். பழைய கேஸ் ஷீட்ல ரோஸ் கலர்ல ஒரு தாள் இருக்கும். அதுல எழுதியிருக்கும்.

ரெண்டு மணிக்கு போன் பண்ணினா. அட்மின் சாருக்கு பண்ணலை, எனக்குப் பண்ணினா. "ரங்கா, உனக்குத்தான் தெரியும், எப்படியாச்சும் எடுத்துக் குடு"ன்னா. ரெண்டே நிமிசத்துல எடுத்தேன். இருவத்தி மூணு வருசமா இந்த ரூம்ல இருக்கறேன் அம்மிணி. எந்த வருசம், எந்த ரேக்கு, எந்தக் கட்டுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்வேன். இப்ப ஸ்கேன் பண்ணினதுக்கு ரேக்கும் இல்ல, கட்டும் இல்ல, எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள. அப்பவும் ரெண்டு நிமிசம்தான். கண்டுபுடிச்சது நானு, அதை நீ மறந்துராத. தொறக்கத்தான் மாட்டேங்குது. தொறக்கப்போனா இந்த மெசின் அப்படியே நின்னு போகுது. ஒரே ஆளோட கேஸ் ஷீட்டு மூணரை ஜிபின்னு நீ சொல்லித்தான் எனக்கே தெரியும்.

தாளா? தாள் எங்க இருக்குது. ஸ்கேன் பண்ணின கட்டையெல்லாம் லாரியில ஏத்தி காகிதக் கூழ் மில்லுக்கு அனுப்பியாச்சு. இந்த ரூமைக் காலி பண்ணி மருந்துக்கடை வெக்கப்போறாங்களாம்.

பாரு, போன் அடிக்குது. அவதான். அடிக்கட்டும். எடுத்து என்ன சொல்றது, ஆறு பர்சென்ட்டுன்னா?

பத்தொம்போது வருசம் நானும் அவளும் ஒட்டுக்கா உக்காந்து சோறுண்டவங்க. இந்த மேசை என்றது, அந்த மேசை அவளது. ஒரு கேரியர் அவ கொண்டுவருவா, ஒரு கேரியர் நான் கொண்டுவருவேன், நடுவுல வெச்சுத் தின்போம். அவ அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவந்தா வார்டு நர்சுங்க எல்லாம் மோப்பம் புடிச்சுட்டு வந்துருவாங்க. நான் வெச்ச கொள்ளு ரசத்தைக் கேட்டு ஒருத்தி வந்ததில்ல. பரவால்ல, அதெல்லாம் நான் மனசுல வெச்சுக்கறதில்ல.

அவளுக்கு எல்லாமே அப்படித்தான் அமையும். கையெழுத்து முத்து முத்தா இருக்கும். சாயந்திரம் அஞ்சரை ஆனா கேட்டுக்கிட்ட சென்னியப்பன் வண்டியோட நிப்பாரு. மழைன்னா கையில குடை. எங்கூட்டுக்காரரு உசுரோட இருந்த காலத்துல ஒரு நா, ஒரே ஒரு நா, இந்தக் கேட்டுக்கிட்ட வந்து நின்னதில்ல. நான் பஸ்ஸுக்கு நடந்து போறப்ப ரெண்டு பேரும் வண்டியில என்னைத் தாண்டிப் போவாங்க. "வரட்டா ரங்கா"ன்னு கைய ஆட்டுவா. அந்தக் கைய ஆட்டாமப் போனா என்னவாம்?

பதினொண்ணுல அந்த ஆபரேசன் அன்னைக்கு ரத்தத்துக்கு அலைஞ்சது யாருன்னு நெனைக்கறே? நானு. வெயில்ல ஈரோடு பூராச் சுத்தி ரெண்டு பாட்டில் ரத்தம் கொண்டாந்து குடுத்தேன். அதெல்லாம் அவளுக்கு இப்ப நெனப்பிருக்குமா? எங்க இருக்கப் போகுது.

எவ்வளவு? ஒம்போதா. நகருது, நகருது.

சேரு கதைக்கு வரேன். தைப்பொங்கல் நோம்பி முடிஞ்சு வந்தம், துளசிமணி சாரு கூப்பிட்டு, "இனிமே எல்லாம் ஸ்கேன், பேப்பரே கெடையாது"ன்னாரு. அவருதான் எங்க அட்மின். நல்ல மனுசன், ஆனா இதுக்கு முன்னாடி நூல் மில்லுல சூப்பர்வைசரா இருந்தவரு. நூல்கண்டை எடை போட்டுப் பாத்துத்தான் எந்த ஷிப்ட்டுக்காரன் வேலை செஞ்சான்னு முடிவு பண்ணுவாராம். அதே பழக்கத்தை இங்கியும் கொண்டாந்துட்டாரு. ஆளுக்கு ஒரு ஸ்கேனர் மெசின், ஆளுக்கு ஒரு ஃபோல்டர். எடுக்கறது எல்லாம் சென்னையில எங்கியோ ஒரு கட்டடத்துல வாடகைக்குப் புடிச்ச எடத்துக்கு லைன் வழியாப் போய் உக்காந்துக்கும். சனிக்கிழமை நாலு மணி ஆனா சாரு வந்து நிப்பாரு, ஃபோல்டர் மேல எலியை வெச்சு ஒரு அமுக்கு அமுக்குவாரு, எத்தனை ஜிபின்னு வரும், சத்தமா வாசிப்பாரு. கிலோ வாசிக்கற மாதிரியேதான்.

முதல் சனிக்கிழமை வாசிச்சாரு. "சம்பூர்ணம், ஒம்போது. ரங்கநாயகி, முக்கால்."

முக்கால்! எனக்குக் காது அடைச்சுப்போச்சு. அந்த வாரம் நான் முப்பது கட்டு முடிச்சிருந்தேன். அவ இருவத்தி ரெண்டு. நான் எண்ணித்தான வெச்சிருந்தேன். அவ கட்டையுந்தான் எண்ணினேன், எண்ணினா என்ன? முப்பது கட்டு முக்கால், இருவத்தி ரெண்டு கட்டு ஒம்போதா? சாருகிட்டச் சொன்னேன். "மெசின் பொய் சொல்லாதும்மா"ன்னுட்டாரு. சொல்லிப்போட்டு, மாடியில மீட்டிங் ரூம்ல கெடந்த இந்தச் சுத்தற சேரை எறக்கி அவ மேசைக்கிட்டப் போடச் சொல்லிட்டாரு. அதிகமா செய்யறவங்களுக்கு வாராவாரம் இந்தச் சேராம்.

இடுப்பு வலி எனக்கு. டாக்டர் சீட்டு இருக்குது. சேரு அவளுக்கு.

அவ அதுல உக்காந்து ஒரு சுத்து சுத்தினா பாரு. சின்னப் புள்ளையாட்டம் சிரிச்சுட்டே. "நீயும் உக்காந்து பாரு ரங்கா"ன்னா. வயிறு எரிஞ்சுது அம்மிணி. உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, நீ இன்னைக்குப் போனா திரும்ப வரப்போறியா. அப்படி எரிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலை.

மறுவாரம் அவ டீ குடிக்கப் போனப்ப அவ மெசினைப் போய்ப் பாத்தேன். திருடலை, பாத்தேன். அதுல கலர்னு இருக்குது, எவ்வளவு தெளிவுங்கற எடத்துல அறுநூறுன்னு இருக்குது. என்ற மெசின்ல கறுப்பு வெள்ளைன்னு இருக்குது, எரநூறுன்னு இருக்குது. மெசின் மாட்ட வந்தவன் என்றதை மட்டும் ஒழுங்கா மாத்திவெச்சுட்டு, சோத்து நேரம் ஆச்சுன்னு அவளதைக் கடையில வந்தபடியே உட்டுட்டுப் போயிருக்கான். நீ சொல்றே, என்றதுதான் சரியான செட்டிங்குன்னு. இப்பச் சொல்லி என்ன பண்றது? அன்னைக்கு எனக்கு என்ன தோணுச்சு? ஓஹோ, இதுதான் சூட்சுமம், தெரிஞ்சே என்கிட்ட மறைச்சிருக்கான்னு தோணுச்சு. அவளுக்கு அந்த எழுத்து என்னன்னே தெரியாதுன்னு இப்ப நெனைக்கறேன். அப்ப நெனைக்கலை.

நானும் கலருக்கு மாத்தினேன். அறுநூறுக்கு மாத்தினேன். அதோட உட்டனா? எந்த மாதிரி ஃபைலா வேணும்னு ஒரு லிஸ்ட் வருமில்ல, அதுல ஒவ்வொண்ணுலயும் ஒரே தாளை வெச்சு எடுத்துப் பாத்தேன். எது எடை அதிகமாக் காட்டுதோ அதை வெச்சுக்கிட்டேன். ஆமா, ஒரு பக்கம் நூறு எம்பி வந்துச்சு. எனக்கு அப்படி ஒரு சந்தோசம்! அப்பறம் ரெண்டு பக்கமும் எடுக்கறதுன்னு ஒரு பட்டன் இருக்குது. பின்னாடி ஒண்ணும் எழுதாத வெறுந்தாளா இருந்தாலும் எடுத்துக்கும். அதையும் போட்டுட்டேன்.

மெசின் ஊர ஆரம்பிச்சுருச்சு. ஒரு தாளுக்கு முக்கி முனகி ஒன்றரை நிமிசம். முப்பது கட்டு முடிச்ச எடத்துல ஆறு கட்டுதான் ஆச்சு. ஆனா என்ன, சனிக்கிழமை சாரு வந்தாரு, அமுக்கினாரு, கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடியும் பாத்தாரு. "ரங்கநாயகி, நாப்பத்தியொண்ணு!" சம்பூர்ணத்துக்கு பத்து.

நாப்பத்தியொண்ணு. அந்த நம்பரை ஊட்டுக்குப் போற வழி பூரா மனசுக்குள்ள சொல்லிட்டே போனேன். லேப் புள்ளைங்க எல்லாம் கை தட்டுச்சுங்க. அந்த ஒரு நா அவங்க வண்டியில என்னைத் தாண்டிப் போறப்ப நானே முதல்ல கைய ஆட்டினேன்.

சேரை யாரு தள்ளிட்டு வந்தாங்கன்னு கேளு. அவளே தள்ளிட்டு வந்தா. வந்து சொல்றா, "உனக்குத்தான் ரங்கா இடுப்பு வலி. போன வாரமே குடுக்கலாம்னுதான் இருந்தேன், நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தே, கேக்கப் பயமா இருந்துச்சு"ன்னு. எப்படிக் குத்தறா பாரு. தோத்துட்டு வந்து தானம் பண்ற மாதிரி பேசறா. அன்னைக்கிலிருந்து நான் செவுத்தைப் பாத்து உக்காந்து சோறுண்ண ஆரம்பிச்சேன். அவ கேரியரை நடுவுல வெச்சுட்டு சித்தெ நேரம் பாப்பா. அப்பறம் தின்பா.

பதினொரு பர்சென்ட்டா? ம்.

அதுக்கப்பறந்தான் இந்த லைன் கெரகம் புடிச்சது. வெளிய டோக்கன் நம்பர் மாறமாட்டேங்குது. லேப் ரிசல்ட் வார்டுக்குப் போக ஒரு மணி நேரம். பில் போடற எடத்துல சனங்க சத்தம் போடறாங்க. நான் என்ன நெனைச்சேன்னா, கேன்டீன்காரப் பசங்க படம் பாக்கறானுங்கன்னு. இல்லைன்னா பில்லிங்ல இருக்கற புள்ளைங்க போன்ல சேலை பாத்துட்டே இருக்குங்க, அதுங்கதான்னு. இப்பவும் அதுவாத்தான் இருக்கும், நீ நல்லாத் தேடிப் பாரு.

உங்க கம்பெனியிலிருந்து ஒருத்தரு போன்ல பேசினாரு, எடுத்தது சம்பூர்ணம். பேசிட்டு என்கிட்ட வந்தா. "ரங்கா, நாம எடுக்கற ஃபைல் பெருசா இருந்தா லைன் அடைச்சுக்குமாம். வேற எதுவும் போகாதாம். வாடகை எடமும் நெறஞ்சுருமாம். நான் கறுப்பு வெள்ளைக்கு மாத்திட்டேன். நீயும் மாத்திரு"ன்னா.

நான் அவ மூஞ்சியப் பாத்தேன். மாத்திரு. எப்படி இருக்குது கதை? ஒம்போது வந்தப்ப மாத்தலை. பத்து வந்தப்ப மாத்தலை. எனக்கு நாப்பத்தியொண்ணு வந்ததும் மாத்தோணும். நான் மாத்தினதும் இவ திரும்ப ஏத்திக்குவா, சேரு அந்தப் பக்கம் போயிரும். நான் ஒண்ணுந்தெரியாதவளா? "நீ உன்ற வேலையப் பாரு சம்பூர்ணம்"ன்னேன். அவளை நான் அப்படிப் பேசினதே இல்ல.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு கால். கால் ஜிபி! எனக்கு நாப்பத்தி நாலு. சாருக்குக் கோவம் வந்துருச்சு. டாக்டரம்மா, நர்சு, லேப் புள்ளைங்க எல்லாரும் நிக்கறாங்க. "நாப்பத்தி நாலு எங்க, கால் எங்க? ஒரே ரூம், ஒரே சம்பளம். என்னம்மா பண்றே வாரம் பூரா?"ன்னு கேட்டுட்டாரு. அவ வாயத் தொறந்தா. தொறந்துட்டு என்னைப் பாத்தா. செட்டிங் விசயத்தைச் சொன்னா என்றதும் வெளிய வந்துருமில்ல. பாத்துட்டு வாய மூடிக்கிட்டா.

நானா? நான் டீ கிளாஸ் கழுவப் போயிட்டேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். அவ அந்த வாரம் நாப்பது கட்டு முடிச்சிருந்தா. எண்ணினவ நானு. எனக்குத் தெரியும். ஆனா சொல்லலை. சொன்னா என்ன ஆயிரும்னு நெனைச்சேன்னு இப்பக் கேட்டா... இந்தச் சேருதான். வேற என்ன. இதுல உக்காந்தா இடுப்பு வலி போகவும் இல்ல, அதுவும் சொல்லிப்போடறேன்.

அது போன சனிக்கிழமை. திங்கக்கிழமை அவ வந்தா, பேசலை. செவ்வாயும் பேசலை. புதன்கிழமை மத்தியானம் போன் வந்துச்சு, சென்னியப்பன் வயித்தைப் புடிச்சுட்டு விழுந்துட்டாருன்னு. அப்படியே எந்திரிச்சு ஓடினா. ஆஸ்பத்திரியில இருந்து எல்லாரும் கோயமுத்தூர் போய்ப் பாத்துட்டு வந்துட்டாங்க. நான் போகலை. எனக்கு பஸ்சு ஒத்துக்காது. அதுவுமில்லாம இங்க வேலை கெடக்குதே, ரெண்டு பேரு வேலையும் நான்தான...

என்ன பாத்துட்டு இருக்கே? இது என்ன கலர் கலரா கோடு? யாரு லைனை எவ்வளவு உறிஞ்சறாங்கன்னு காட்டுமா? காட்டு, காட்டு. கேன்டீன் எங்க? அவ்வளவுதானா? இத்துனூண்டு. பில்லிங்? அதுவும் இல்லியா. இந்தப் பெருசா செவப்பா நிக்குதே, இது எந்த ரூமு?

இந்த ரூமா.

என்ற மெசினா? நான்தான் சும்மா உன்கூடப் பேசிட்டு உக்காந்திருக்கேனே. ஓ. காலையிலிருந்து எடுத்தது போயிட்டு இருக்குதா. ஆமா, போகும். வாரம் பூரா எடுத்தது, நேத்து கொஞ்சம் முட்டிக்கிட்டு நின்னுருச்சு, அதனால இன்னைக்கு எல்லாத்தையும் ஒட்டுக்கா அனுப்பி உட்டேன். நாளைக்கு சனிக்கிழமை இல்லியா. ஏழு கட்டு. அம்பதைத் தொடும்னு ஒரு கணக்கு.

அது போறதுனாலதான் இது வரமாட்டேங்குதா?

நிறுத்தினா என்ன ஆகும்? பாதி போனது போச்சா? திரும்ப முதல்ல இருந்தா? அம்மிணி, அது ஒரு வாரத்து வேலை. நாளைக்கு நாலு மணிக்குள்ள திரும்பப் போய்ச் சேராது. சாரு வந்து அமுக்கினா சைபர்னு காட்டும். எல்லாரு முன்னாடியும் ரங்கநாயகி சைபர்னு வாசிப்பாரு. ஒரு அரை மணி நேரம் பொறுக்கக் கூடாதா? இன்னும் ரெண்டு கட்டுதான் பாக்கி. மணி என்ன? மூணே முக்கால். அஞ்சுக்குத்தான தியேட்டரு...

போன் அடிக்குது.

நீ எடு. இல்ல, வேண்டாம். குடு. "ம், சொல்லு சம்பூர்ணம். இல்ல, இன்னும் வரலை. வந்துட்டு இருக்குது. என்னது? நேரத்தை முன்னாடி கொண்டாந்துட்டாங்களா? நாலரைக்கா? ...அழுகாத. அழுகாதடி. லைன் மெதுவா... இல்ல, லைன் இல்ல. நான் கூப்பிடறேன். வெய்யி."

உனக்குக் கேட்டுச்சா? "நீ இருக்கறேங்கற தைரியத்துலதான் நான் இங்க நின்னுட்டு இருக்கேன் ரங்கா"ங்கறா. அவ கிண்டல் பண்ணலை அம்மிணி. பத்தொம்போது வருசத்துல அவ என்னைக் கிண்டல் பண்ணினதே இல்ல. நான்தான் அவ சொன்னதை எல்லாம் அப்படிக் கேட்டுட்டு இருந்திருக்கேன்.

எந்தப் பட்டன்? அந்தச் செவப்பா? நீ அமுக்காத, நகரு. நான்தான அனுப்பி உட்டேன், நானே அமுக்கறேன்.

போச்சு. போய்த் தொலையுது.

அட, பாரு, பாரு! இருவதுக்குப் போயிருச்சு! கோடு ஓடுதே. முப்பத்தி ரெண்டு. இத்தனை நேரமும் இது என்னாலயா நின்னுட்டு இருந்துச்சு? நான் இங்க உக்காந்து கேன்டீன்காரனைத் திட்டிட்டு இருக்கறேன். எழுவது. வா சாமி, வா. தொண்ணூறு. தொறந்துரு, உன்ற லேப்டாப்புலயாச்சும் தொறக்குதா பாரு. தொறந்துருச்சா! அடுத்த பக்கம் போ. இது வெள்ளை. பின்பக்கம், ஒண்ணும் இருக்காது, போ. இதுவும் வெள்ளை. எல்லாம் நான் எடுத்த வெறும் பக்கம், திட்டாத, தள்ளிட்டே போ. இது ஏதோ கையெழுத்து போட்ட ஃபாரம், வேண்டாம், போ. பச்சைத்தாள் நர்சு சார்ட்டு. அடுத்தது, அடுத்தது...

ரோஸ்! நில்லு, இதுதான். பெருசாக் காட்டு. செவப்பு மசியில அடியில கோடு போட்டு எழுதியிருக்குது பாரு. இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து அவ போனுக்கு அனுப்பு, நம்பர் இந்தா. போகுதா? போயிருச்சா? அதுக்குள்ளயா? இத்துனூண்டு பண்ணி அனுப்பினியா. படிக்க முடியுமா அங்க? முடியுமா. சரி. எதுக்கும் நான் வாயாலயும் சொல்லிடறேன்.

"சம்பூர்ணம், உன்ற போன்ல படம் வந்திருக்கும் பாரு. டாக்டரு பக்கத்துல இருக்காரா? குடு. சார், வணக்கம் சார், ஈரோட்டுல ரெக்கார்டு ரூம் சார். ஒவ்வொரு எழுத்தாச் சொல்றேன், எழுதிக்கங்க. ஏ, டி, ஆர், ஏ, சி, யூ, ஆர், ஐ, யூ, எம். ஆமா சார், அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் ஒத்துக்கிச்சு, இதுதான் ஒத்துக்கலைன்னு எழுதியிருக்குது. பத்து நிமிசம் பிரஷரே இல்லைன்னு எழுதியிருக்குது. சரிங்க சார். வேற மருந்து இருக்குதுங்களா? சரிங்க சார், அவகிட்டக் குடுங்க. சம்பூர்ணம்? போ, நீ அவருகிட்டப் போ. எனக்கெதுக்கு நன்றி. போடி."

தண்ணி குடு அம்மிணி.

என்ன கேக்கறே? எந்த ரங்கநாயகி? நான்தான் ரங்கநாயகி. எந்தத் தாள்ல? அந்த ஃபாரமா, முன்னாடி தள்ளிட்டுப் போனமே அதுவா. ஆபரேசனுக்கு சம்மதம்னு எழுதிக் குடுக்கற தாள் அது. கீழ சாட்சின்னு ஒரு கட்டம் இருக்கும். ஆமா, என்ற கையெழுத்துத்தான். அன்னைக்கு ரத்தம் கொண்டார ஓடிட்டு இருந்தேன், சம்பூர்ணம் வழியில நிறுத்தி இங்க போடு ரங்கான்னா, விரல் வெச்ச எடத்துல கிறுக்கிட்டு ஓடினேன். மேல எல்லாம் அவதான் நிரப்பினா.

அதுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குது? கண்ணாடி இல்லாமத் தெரியல. பெருசாக் காட்டு. இன்னும்.

'நோயாளிக்கு உறவு.' ம்.

'மனைவியின் அக்கா.'

அவ கையெழுத்துதான். முத்து முத்தா. நானு யாரு, அவ யாரு. என்ற ஜனம் வேற, அவ ஜனம் வேற. ஒரே ஊருகூட இல்ல. பக்கத்து மேசைக்காரின்னு எழுதியிருக்கலாம். கூட வேலை பாக்கறவங்கன்னு எழுதியிருக்கலாம், அதுக்கும் எடம் இருக்குது அந்தக் கட்டத்துல. அக்கான்னு எழுதியிருக்கா.

இதை நான்தான் அம்மிணி ஸ்கேன் பண்ணினேன். அறுநூறுல, கலர்ல. பேனா அழுந்தின எடம்கூடத் தெரியுது பாரு. தாளை வெக்கறப்ப இது எத்தனை எம்பி வரும்னு மட்டும் பாத்தேன். தாளைப் பாக்கலை.

இந்தச் சேரைக் கொஞ்சம் புடி. அந்த மேசைக்குத் தள்ளிரலாம். இல்ல, நீ உடு, நானே தள்றேன். அவ வர பத்து நாளாகட்டும், இருவது நாளாகட்டும், அங்கியே கெடக்கட்டும். நாளைக்கு சாரு வந்து சைபர்னு வாசிச்சா வாசிக்கட்டும். நானும் அவருகிட்ட ஒண்ணு வாசிச்சுக் காட்டோணும், அவ முடிச்ச நாப்பது கட்டை. எல்லாரு முன்னாடியும்.

என்ற மெசினைப் பழையபடி கறுப்பு வெள்ளைக்கு மாத்திக் குடுத்துட்டுப் போ. எரநூறு போதும். அங்க சென்னையில நான் அடைச்சு வெச்சிருக்கேனே, அதையும் உக்காந்து ஒவ்வொண்ணாச் சின்னதாக்கிரலாம்னா எப்படின்னு சொல்லிக் குடு, நான் பண்ணிக்கறேன்.

இந்த ஒரு பக்கத்தை மட்டும் கொறைச்சுராத அம்மிணி. இது கலர்லயே இருக்கட்டும்.